உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி

அன்புள்ள சார்,

எனக்கு ஊர் பாறசாலை. பயோடெக்னாலஜி முதுகலை படிக்கிறேன். அம்மா ரப்பர் பால்வெட்டப் போகிறார். தோல்புற்றுக்கான ஆன்டிபாடிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதில் ஆய்வு செய்ய ஆசை. ஆனால் மெலனோமா என்கிற அந்தக் கறுப்புத் தோல்புற்று வெள்ளைக்காரர்களின் நோய், நமக்கெதற்கு என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆன்டிபாடிக்குச் சரியான தமிழ்ச்சொல் எது?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

எதிர்ப்பொருள் என்கிறார்கள், உடலுக்குள் வரும் அந்நியத்தைப் பற்றிக்கொள்ள உடலே சுரக்கும் புரதம் அது. எதைச் சொன்னாலும் சரி, அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

1975-ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் ஆன்டிபாடி சுரக்கும் எலிச் செல்லைப் புற்றுச்செல்லோடு இணைத்தார்கள். முதலாவது தனியே விட்டால் சில நாளில் செத்துவிடும். இரண்டாவது சாகாது. இணைந்து பிறந்த செல் சாகாமல் ஒரே வகை ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டே இருந்தது. புற்றிடமே சாகாவரத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்கள்! நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். இப்படி இணைந்த செல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையாகச் சுரக்கும் ஏராளமான ஆன்டிபாடிகளில் நமக்கு வேண்டிய இலக்கை எது இறுகப் பற்றுகிறது என்று சலித்தெடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

வெள்ளைக்காரர்களின் நோய் என்றீர்களே, அதற்கு வருகிறேன். படிக்கிற பிள்ளை இதை எழுதலாமா? ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லிக்கு மெலனோமா வந்தது கால்விரல் நகத்தடியில். 1981-ல் இறந்தபோது வயது 36.

அவ்வளவு தூரம் போவானேன். அருமனைப் பக்கம் என் மாமி, அப்பாவின் தங்கை, இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போவாள். செருப்பு போட்டதே இல்லை. குதிகாலில் புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்பு. கால் ஆணி என்றார்கள். பிளாஸ்திரி ஒட்டினாள். பிறகு ஒரு டாக்டர் பிளேடால் சீவிவிட்டார். சீவியதை யாரும் சோதனைக்கு அனுப்பவில்லை. "ஒண்ணுமில்ல மக்களே, கல்லு குத்தினது" என்பாள் என்னிடம். தொடையிடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். அது 1998. அதற்கு இரண்டு வருடம் முன்பே, புற்றைத் தாக்கும் வெள்ளணுவான டி செல்லைத் தடுத்து நிறுத்தும் பிரேக்கை ஆன்டிபாடியால் விடுவித்தால் எலியில் கட்டி கரைகிறது என்று ஆலிசன் என்ற அமெரிக்க விஞ்ஞானி காட்டிவிட்டார். அதே வேலையைச் செய்யும் ஆன்டிபாடியான இபிலிமுமாப் மனிதருக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற 2011 ஆனது. மாமி அதற்குள் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம்.

இன்று வந்திருந்தால் பிழைத்திருப்பாளா? அங்கேதான் உங்கள் ஆய்வு இருக்கிறது. வெயிலால் வரும் மெலனோமாவின் மரபணுவில் பிழைகள் ஏராளம். அதனால் டி செல் அதை அந்நியன் என்று சட்டெனக் கண்டுகொள்ளும். பிரேக்கை எடுத்துவிட்டால் பாய்ந்துவிடும். உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில் வருவது வேறு வகை. வெயிலுக்கு அதில் பெரிய பங்கில்லை, பிழைகளும் குறைவு. டி செல்லுக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை. ஆகவே அதே மருந்துகள் அங்கே அந்த அளவுக்குப் பலிப்பதில்லை. நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா அபூர்வம்தான். வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. அந்தக் கட்டிக்கென்று வேறு இலக்கைத் தேட வேண்டும், அதைப் பற்றும் ஆன்டிபாடியைச் சலித்தெடுக்க வேண்டும். அதை நீங்கள் நமக்கெதற்கு என்கிறீர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்த ஆய்வகத்தில் சேரலாம் என்று பிறகு பேசுவோம். இன்றைக்கு அம்மா தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவியதும் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள். விரலிடுக்கையும் பாருங்கள்.