டிவைட், செபரேட்: ரெண்டும் 'பிரி'தானே, என்ன வித்தியாசம்?

தமிழில் ரெண்டுக்கும் 'பிரி' என்றே சொல்லிப் பழகியதால் வருகிற குழப்பம்தான் இது. நான் இருப்பது ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி பக்கம், அதனால் இங்கிருந்தே சொல்கிறேன்.

முழுசாக இருந்த ஒன்றைத் துண்டாக்கினால் டிவைட். 1953 அக்டோபர் 1 அன்று மதராஸ் மாநிலத்திலிருந்து ஆந்திரா உருவானதே, அங்கே மாநிலத்தை டிவைட் செய்தார்கள். 2014-ல் தெலங்கானா வந்தபோதும் அதேதான், அதை இங்கே தெலுங்கில் 'விபஜன' என்பார்கள். அண்ணன் தம்பி நிலத்தைப் பாகம் பிரிப்பதும், கணக்கில் வகுத்தலும் இந்த ரகம். அதனால்தான் பின்னால் 'இன்டு' வரும், இத்தனை பங்காக என்ற அர்த்தத்தில்.

செபரேட் வேறு. ஏற்கெனவே தனித்தனியாக இருப்பவை ஒட்டியோ கலந்தோ கிடக்கும், அவற்றை விலக்கி வைக்கிறோம். அரிசியிலிருந்து கல் பொறுக்குவது, முட்டையில் மஞ்சள் கருவைத் தனியாக எடுப்பது, சண்டை போடும் ரெண்டு பேரை இழுத்து விடுவது எல்லாம் செபரேட். பின்னால் வருவது 'ஃப்ரம்', நம்முடைய 'இலிருந்து'. கணவன் மனைவி பிரிந்தாலும் செபரேட்தான், சொத்தைத்தான் டிவைட் செய்வார்கள் (அதில்தான் சண்டையே).

சரி, ஆறு? ஓர் ஊருக்கு நடுவே ஓடி அதை ரெண்டாக்கினால் டிவைட், ரெண்டு ஊருக்கு இடையே ஓடினால் செபரேட். ஆறு என்னவோ ஒன்றுதான், நீங்கள் ரெண்டு கரையையும் சேர்த்து ஓர் ஊராகப் பார்க்கிறீர்களா, ரெண்டு ஊராகவா என்பதுதான் வார்த்தையை மாற்றுகிறது.