மீனைக்கூட முகர்ந்துவிட்டுப் போகிறது

கேள்வி: வீட்டில் மீனுக்குக் குறைவில்லை, ஆனாலும் எங்கள் பூனை அடிக்கடி தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?
- வாசகி, காசிமேடு

பதில்: பூனைக்கு வாசனைதான் பசியைத் தூண்டும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் வாசனையே எழாது. உப்பு, மசாலா, முக்கியமாக வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் மீனை வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பாக, மீசை இடிக்காத அகலத் தட்டில் கொஞ்சமாக வையுங்கள். அது மலம் கழிக்கும் மண் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். அப்புறம், ஒரு நாள் முழுக்க எதையுமே தொடவில்லை என்றால் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். பட்டினி நீண்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம், பருமனான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே, கூடையில் வைத்துத் தூக்கிப் போய்ப் பல், ஈறையும் பார்க்கச் சொல்லுங்கள்.