பிறந்த குழந்தைக்கு எச்ஐவி இருக்கிறதா என்று காய்ந்த ரத்தத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்?

பெரியவர்களுக்குச் செய்யும் வழக்கமான சோதனை கிருமியைத் தேடுவதில்லை, அதை எதிர்த்து உடம்பு உருவாக்கிய எதிர்ப்புப் பொருளைத்தான் தேடும். எச்ஐவி உள்ள தாயின் எதிர்ப்புப் பொருள் கருவிலேயே குழந்தைக்கும் போய்விடும், 18 மாதம் வரைகூட அங்கே தங்கும். அதனால் கிருமியே இல்லாத குழந்தைக்கும் 'பாசிட்டிவ்' வரலாம். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் நம் வீடெல்லாம் வாசம் அடிக்கும், ஆனால் நம் அடுப்பில் மீன் இருக்கிறதா என்று தெரிய சட்டியைத் திறந்துதானே பார்க்க வேண்டும்?

அப்படித் திறந்து பார்ப்பதுதான் பிசிஆர் சோதனை, கிருமியின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடுவது. ஆனால் அதற்கான ஆய்வகம் எல்லா ஊரிலும் இருக்காது, ரத்தத்தைக் குழாயில் குளிராக அனுப்புவதும் பெரும்பாடு. அதனால் இந்தியாவில் ஆறு வார வாக்கில் குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி, வட்டங்கள் அச்சிட்ட தடித்த வடிதாளில் ஒவ்வொரு வட்டத்தையும் ரத்தத்தால் நிரப்புவார்கள். அப்புறம் வெயில் படாமல், அறையிலேயே சில மணி நேரம் கிடைமட்டமாகக் காய விடுவார்கள். அவசரப்பட்டு ஹேர் டிரையர் காட்டினால் மாதிரி வீண். காய்ந்த அட்டையை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் போட்டால் சாதாரணத் தபாலிலேயே ஆய்வகத்துக்குப் போய்விடும், ஐஸ் பெட்டி தேவையில்லை.

இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்றால், கிருமி தொற்றிய குழந்தைகளில் சிகிச்சை கிடைக்காதவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள்.

ஆறு வாரத்தில் 'நெகட்டிவ்' வந்தால் கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: தாய்ப்பால் வழியாகவும் தொற்றலாம் என்பதால் மறுபடி சோதித்து, 18 மாதம் ஆவது, பால் நிறுத்திச் சில காலம் கழிவது, இந்த இரண்டில் எது பின்னால் வருகிறதோ அப்போதுதான் உறுதியாகச் சொல்வார்கள்.