விடியற்காலைப் படபடப்பு

கேள்வி: எனக்கு 42 வயது. ஒரு மாதமாகத் தினமும் 4 மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, எழவே மனசு வருவதில்லை. பத்து மணிக்கு மேல் தேவலை. சோம்பேறித்தனம் என்கிறார்கள் வீட்டில். ஏன் இப்படி, டாக்டர்?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: சோம்பேறித்தனம் இல்லவே இல்லை அம்மா. கண் விழித்த முதல் 30-45 நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் பெரும்பாலும் எல்லோருக்குமே ஏறும். கவலையில் இருக்கும் மனம் அப்போது வரும் நெஞ்சுத் துடிப்பை ஆபத்தாக எடுத்துக்கொள்ளும். படுத்தபடியே யோசித்தால் பெருகும்.

விழித்ததும் போனைத் தொடாதீர்கள். 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பலர் தவறுவது இங்கேதான். ஆழமாக இழுக்கிறேன் என்று வேகவேகமாக இழுப்பார்கள். தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பயம் கூடும். மெதுவாக விடுவதுதான் முக்கியம். விடிந்ததும் மாடியில் 20 நிமிடம் வெளிச்சத்தில் நடங்கள். வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் காபி வேண்டாம். இரண்டு இட்லிக்குப் பிறகு குடிக்கலாம்.

தைராய்டு, ஹீமோகுளோபின் பாருங்கள். ஆனால் சீக்கிரமே விழிப்பதும் காலையில் மனம் கனப்பதும் இரண்டு வாரம் தாண்டினால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது; இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை தந்தால், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள். வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால் உடனே 14416-க்கு அழையுங்கள்; அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.