எக்கோஸின் முதல் ஸ்வரம்

அன்புள்ள ஐயா,

ஓராண்டாகப் பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவைக் கேட்டுவருகிறேன். 1985இல் ரோஜர் வாட்டர்ஸ் விலகியதோடு அந்தக் குழு முடிந்துவிட்டது என்கிறார்கள். வாட்டர்ஸ், டேவிட் கில்மோர் இருவரில் யார் பக்கம் நியாயம்? கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டை அதற்கு முன்பே நீக்கினார்களாம். அவர் வெறும் பக்கவாத்தியக்காரர்தானே, அதில் என்ன இழப்பு?

ச.

அன்புள்ள ச.,

குழுவின் பெயருக்காக வழக்காடிய இருவரும் 1987 இறுதியில் சமரசம் செய்துகொண்டுவிட்டார்கள். அந்த வழக்கை நாம் மறுபடி விசாரிக்க வேண்டாம். ஆனால் சில வாரங்களாக ரைட்டின் வாசிப்பை மட்டுமே தேடிக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

ஓராண்டாக எதைக் கேட்டீர்கள்? 1971இல் வந்த 'மெடில்' இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிறைக்கும் 'எக்கோஸ்', ரைட்டின் ஒற்றைப் பியானோ ஸ்வரத்தில் தொடங்குகிறது. சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கியின் வழியே வரும் அந்த ஓசை, ஆழமான நீருக்குள்ளிருந்து எழுவதுபோல இருக்கும். மாணவனாக இருந்தபோது அதை முதன்முறை கேட்டு, நாடா சிக்கிக்கொண்டதோ என்று எழுந்துபோய் டேப் ரெக்கார்டரைத் திறந்து பார்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு 23 நிமிடமும் நான் அசையவில்லை.

1973இல் அவர்களை உலகம் முழுவதும் கொண்டுசென்ற 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பில் வரும் 'அஸ் அண்ட் தெம்' பாடலின் மெட்டு, இத்தாலியத் திரைப்பட இயக்குநர் அந்தோனியோனியின் படத்துக்காக ரைட் பியானோவில் அமைத்து, அந்த இயக்குநர் வேண்டாமென்று ஒதுக்கியது. வாட்டர்ஸின் கசந்த சொற்கள் அந்த மெட்டின் மீது வந்து அமரும்போதுதான் துக்கமாகக் கனிகின்றன. சொல் வாட்டர்ஸுடையது, கிட்டார் கில்மோருடையது. இரண்டுக்கும் நடுவே இருந்த காற்று ரைட்டுடையது.

1977இல் வந்த 'அனிமல்ஸ்' தொகுப்பில்தான் முதன்முறையாக எந்தப் பாடலுக்கும் ரைட்டின் பெயர் இல்லை. என் கணக்கில் வீழ்ச்சி அங்கேயே தொடங்கிவிட்டது. 1979இல் 'தி வால்' உருவானபோது, முதலீட்டில் பெரும்பணத்தை இழந்திருந்த குழு அவசரத்தில் இருந்தது. மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்த ரைட், விடுமுறையைச் சுருக்கிக்கொண்டு ஒலிப்பதிவுக்கு வர மறுத்தார். அந்த நாட்களில் அவர் பெரிதாக எதையும் கொடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் சோர்ந்து கிடந்த நண்பனிடம் என்ன ஆயிற்று என்று கேட்காமல், விலகிப்போ என்றார் வாட்டர்ஸ்; மற்றவர்கள் தடுக்கவில்லை. தானே தொடங்கிய குழுவில் கூலிக்கு வாசிப்பவராக 1980-81 மேடைகளில் ரைட் அமர்ந்தார். பெரும் செலவு பிடித்த அந்த நிகழ்ச்சிகளில் மற்ற மூவரும் நஷ்டப்பட, சம்பளம் பெற்ற அவருக்கு மட்டுமே பணம் மிஞ்சியது.

அவர் இல்லாமல் 1983இல் வந்த 'தி ஃபைனல் கட்' தொகுப்பை இன்று இரவே கேளுங்கள். வாட்டர்ஸின் கோபம் அத்தனையும் இருக்கிறது, ஆனால் மூச்சுவிட இடமில்லை.

2006இல் கில்மோரும் ரைட்டும் மேடையில் மீண்டும் 'எக்கோஸ்' வாசித்தார்கள். 2008 செப்டம்பர் 15 அன்று ரைட் காலமானார். அவர் இல்லாமல் அந்தப் பாடலை வாசிக்க முடியாது என்று கில்மோர் சொல்லிவிட்டார்.