பாட்டை வைத்துப் பறவையைப் பிரிக்கலாமா?

அன்புள்ள சார்,

இமயமலைக் காட்டுப் பூங்குருவி பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பறவைகளை, பாட்டு வேறு என்பதற்காக இரண்டு இனமாகப் பிரிப்பது சரியா? திருநெல்வேலிக்காரர் பேசுவதும் கோவைக்காரர் பேசுவதும்கூடத்தான் வேறு. பெயர் வாங்கும் ஆசைதானோ என்று தோன்றுகிறது.

ம., கோவை

அன்புள்ள ம.,

நெல்லை, கோவை என்று சரியான இடத்தில்தான் அடித்திருக்கிறீர்கள். பூங்குருவிகளும் பாட்டைக் கேட்டுப் பழகுகிற பறவைகள்தான், வட்டார வழக்கு வரலாம். வெறும் பாட்டை வைத்துப் பிரித்திருந்தால் நானும் உங்கள் கட்சி.

ஆனால் வட்டார வழக்கு ஊருக்கு ஊர்தானே மாறும்? 2009 மே, ஜூன் மாதங்களில் பறவை ஆய்வாளர்கள் பெர் ஆல்ஸ்ட்ரோமும் ஷஷாங்க் தல்வியும் மேற்கு அருணாசல மலைகளில் கேட்டது அப்படி இல்லை. ஊசியிலைக் காட்டுக்குள் இருந்த பறவை இழுத்து இனிமையாகப் பாடுகிறது. அதே மலையில் மரங்கள் தீர்ந்துபோய் வெறும் பாறையாக இருக்கிற உயரத்தில் பாடுவதோ கரகரவென்று, பாட்டு என்றே சொல்ல முடியாது. இறக்கை உள்ள பறவைக்கு அந்தத் தூரம் ஒரு தூரமா! இரண்டையும் அதுவரை ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள், ஆங்கிலேயப் பறவையியலாளர் எட்வர்ட் பிளித் 1842-ல் கொடுத்த மொல்லிசிமா என்ற பெயரில்.

பாட்டு கிளப்பியது சந்தேகத்தை மட்டும்தான். அதற்கப்புறம் ஏழு நாடுகளில் 15 அருங்காட்சியகங்களில் இருந்த பழைய பறவைத் தோல்களை எடுத்து அளந்து பார்த்தார்கள். அளவிலும் இறகு நிறத்திலும் அவை தெளிவாக இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. 150 வருஷமாக ஒரே பெயர்ச்சீட்டோடு ஒரே இழுப்பறையில் கிடந்தவை, யாரும் கவனிக்கவில்லை (எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்). டிஎன்ஏவும் இவை பிரிந்து பல மில்லியன் வருஷங்கள் ஆகின்றன என்றது.

பெயர் வாங்கும் ஆசை என்றால் புது இனம் என்று அறிவிக்க 2016 ஜனவரி வரை ஏன் காத்திருக்க வேண்டும்? அதுவும் சீனப் பறவைகளையும் சேர்த்துப் பார்த்து ஒன்று மூன்றாகப் பிரிந்ததில் புதுப்பெயர் ஒன்றே ஒன்றுதான். மேலே பாறைப் பக்கம் இருப்பதற்குப் பழைய மொல்லிசிமாவே நிலைத்தது, சீனாவின் சிச்சுவான் காட்டுப் பறவைக்கு ஏற்கெனவே துணையினமாக இருந்த கிரிசெய்செப்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள், கிழக்கு இமயமலைக் காட்டுப் பறவைக்கு மட்டும்தான் சலீம் அலியின் நினைவாக சலீமலியை என்று வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் புதிதாக விவரிக்கப்பட்ட பறவையினங்களில் இது நான்காவதுதான். ஆசைக்காரர்கள் இவ்வளவு சிக்கனமாக இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. அதே பிளித்தின் பெயரில் ஒரு நாணல் கதிர்குருவி குளிர்காலத்தில் நம் பக்கத்துப் புதர்களுக்கும் வரும். மங்கலான பழுப்பு, அடையாளம் என்று சொல்ல உடம்பில் ஒன்றும் கிடையாது, பாதி நேரம் இலைக்குள்தான் இருக்கும். ‘செக், செக்’ என்று அது குரல் கொடுக்கிறவரை எனக்கும் வெறும் ‘ஏதோ குருவி’தான். நவம்பர் வாக்கில் உங்கள் வீட்டு வேலியோரம் காலையில் கொஞ்சம் நின்று பாருங்கள், கேட்டால் எழுதுங்கள்.