ட்ராமா சர்ஜரி (விபத்துக் காயங்களுக்கான அறுவை சிகிச்சைத் துறை) எடுத்தால் ஆபரேஷனே கிடைக்காதா?

கிடைக்கும், தாராளமாக எடுங்கள். ஆனால் விபத்துக் காயத்தை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம். அவசர வயிற்று அறுவையும் ஐசியூவும் சேர்ந்த பயிற்சியாகப் பாருங்கள்.

சேலத்தில் எம்.எஸ். (அறுவை சிகிச்சை மேற்படிப்பு) கடைசி வருடத்தில் இருக்கும் உங்களுக்கு, 'கேஸெல்லாம் ஆர்த்தோவுக்கும் (எலும்பு) நியூரோவுக்கும் (மூளை, நரம்பு) போய்விடுகிறது' என்று தோன்றுவது சரிதான். நம் ஊரில் வருவது பெரும்பாலும் சாலை விபத்து, அதாவது கத்திக்குத்து போலத் துளைக்கும் காயம் அல்ல, மொத்தை அடி. மண்ணீரல், கல்லீரல் கிழிந்திருந்தாலும் ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் பலருக்கு இன்று வயிற்றைத் திறப்பதில்லை. ஏற்காடு மலைப்பாதையில் பைக்கோடு சரிந்த பையன் ராத்திரி முழுக்க தாங்குகிறானா, இரண்டு மணிக்கு நாடித்துடிப்பு ஏறுகிறதா, இப்போது ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டுமா? இதைத் தீர்மானிப்பதுதான் இந்தத் துறையின் உயிர். கத்தி பிடிப்பது அதில் ஒரு பகுதி.

ஒன்று செய்து பாருங்கள். மூன்று மாதம் உங்கள் டூட்டி இரவுகளில் ஒரு நோட்டு வையுங்கள். பெயர் வேண்டாம். வயிறு, நெஞ்சுக் காயம் எத்தனை, குடல் ஓட்டை, குடல் அடைப்பு எத்தனை, வந்து சேர்ந்ததிலிருந்து தியேட்டருக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். காயம், குடல் கேஸ் இரண்டின் எண்ணிக்கையையும் கூட்டினால் வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: டெல்லி எய்ம்ஸில் இதற்கு எம்.சிஎச். (எம்.எஸ்.ஸுக்கு அடுத்த உயர் சிறப்புப் படிப்பு) இருக்கிறது, ஆனால் இடங்கள் மிகக் குறைவு. அப்புறம், முடித்து வந்தாலும் எல்லா மருத்துவமனையிலும் இதற்கென்று தனிப் பணியிடம் இருக்காது. சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.